எங்கள் கோவில் குட்டியாருக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நேற்று ராத்திரிதான் கரண்ட் வந்தது. போனில் சார்ஜ் ஏறியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். இந்த 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எங்கே உடைத்தது என்பதையெல்லாம் திரும்பச் சொல்லத் தெம்பு இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட ஜனங்களின் பாடும் உங்களுக்கே தெரியும். அதே தாமிரபரணிக் கரைதான் எங்கள் ஊரும். அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து, பேர்கூடச் சொல்லாமல் போன தம்பிகளுக்கும், பள்ளிவாசலில் சமைத்து அண்டாவோடு அனுப்பிவைத்தவர்களுக்கும், இடுப்பளவு சகதியில் நின்று கம்பம் நட்ட மின்வாரியத்துக்காரர்களுக்கும், சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் லைன் கிடைக்காமல் தவித்த சொந்தங்களுக்கும் ரொம்ப நன்றி. உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

இப்போது எங்கள் கோவில் குட்டியாரைப் பற்றி, அதாவது எங்கள் சர்ச் வேலைகளைப் பார்க்கிற பணியாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் 16ஆம் தேதி சனிக்கிழமை, கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட வாங்கிய மூங்கில் தப்பைகளை அவர் திறந்த வராண்டாவில் போட்டிருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் வாலிபர் சங்கப் பையன்கள் அத்தனை பேர் முன்னாலும், "உனக்கெல்லாம் எதுக்குய்யா சம்பளம்?" என்று கத்தினேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல், எனக்கு நாற்பத்தெட்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் தப்பைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போனார். மறுநாள் கொட்டுகிற மழையில் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த நாலு பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மனப்பாட வசனம் எது தெரியுமா? அன்பைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 13:5. "சினமடையாது, தீங்கு நினையாது."

அப்புறம் அதே மாடியில்தான் நாங்கள் எல்லோரும் போய் ஏறினோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லோருக்கும் பிரெட் வந்தது. அப்பாவின் பல்செட் வீட்டில் டம்ளர் தண்ணீரில் கிடந்தது, வீடே தண்ணீரில் கிடந்தது. காய்ந்துபோன அந்த பிரெட்டை வாயில் வைத்து வைத்து எடுத்துவிட்டு, "பசிக்கலைடே" என்றார் அப்பா. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து குனிந்தார்கள். "சார், அந்த ஸ்டார் தப்பையில ரெண்டு எடுத்துக்கிடட்டுமா? அப்பாவுக்கு வெந்நீர் போடணும்."

குட்டியார்தான். என்னிடம் அனுமதி கேட்டார்! மாடி முழுக்கக் காய்ந்த விறகு என்று இருந்தது அது ஒன்றுதான். ஆல்டர் மெழுகுவர்த்தியோடு பாலித்தீன் பையில் சுற்றிவைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, தப்பையைச் சின்னச் சின்னதாக ஒடித்து, மூன்று செங்கல் வைத்து, ஈயச் சட்டியில் தண்ணீர் காய்ச்சினார். பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு (இல்லை, எறியவில்லை, அதை அவர் தின்றார்), நடுவில் இருந்ததை வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரை இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். அப்பா ஆறு துண்டு சாப்பிட்டார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். குட்டியாருடைய வீட்டுப் பின்சுவர் திங்கட்கிழமையே இடிந்து விழுந்துவிட்டது என்பது எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும்.

இருபது வருஷமாக அன்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். என் கோபத்தை யாராவது சுட்டிக்காட்டினால், மாற்கை ஊழியத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று வேதத்தில் அப்போஸ்தலர்களான பவுலுக்கும் பர்னபாவுக்குமே சண்டை வரவில்லையா என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். வசனம் எனக்கு எப்போதும் தயாராக இருக்கும். தேவ அன்பு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் இனி யாராவது கேட்டால், நான் வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்த ஈயச் சட்டியைக் காட்டத்தான் வேண்டியிருக்கும். என் கோபம் ஒரே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலையில்கூடத் தண்ணீர் லாரிக்காரரிடம் கத்தினேன், பிறகு பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அதே பையன்கள் முன்னால் குட்டியாரிடமும் கேட்கவேண்டும், கிறிஸ்மஸ் ஆராதனைக்கு முன்பாகவே கேட்டுவிடுவேன். அவர் வீட்டுச் சுவருக்கு நானும் சபையில் சில பேரும் செங்கல் சொல்லியிருக்கிறோம்.

நேற்று சாயங்காலம் கோவிலில் சகதி அள்ளிக்கொண்டிருந்தவரை, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.