குடியிருப்பாளர் சங்க ஆண்டறிக்கை: பாலத்துக்காகச் செலவான ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

செயலவை வழக்கம்போல் கூடியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தீபாவளிக்கு மூத்தவர்கள் வீட்டுக்கு அன்பளிப்புப் போனது. திடலில் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) நடந்தது.

மற்ற நேரமெல்லாம், நம் ஆற்றின் பழைய பாலத்தை உடைத்துப் புதிதாகக் கட்டப்போகும் பாலத்துக்கே போனது. "அது அரசாங்க வேலை, சங்கத்துக்கு என்ன வந்தது?" என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. கட்டுவது அரசாங்க வேலைதான். ஆனால் பாலம் எவ்வளவு உயரம், நடப்பவர்களுக்கு இடம் உண்டா, வேலை நடக்கும்போது ஊர் எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் வரைபடம் முடிவாகும் முன் பேச வேண்டியவை. தூண் இறங்கிய பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

இக்கரையில் இருப்பது மாநிலச் சாலை, அக்கரையில் தோட்டச் சாலை. அதனால் நம் கடிதம் மேசை மேசையாகச் சுற்றியது. கடைசியில் பொறியாளர்கள் நேரில் வந்தபோது முதலில் கேட்டது, வெள்ளம் எதுவரை ஏறும் என்றுதான். 2006 டிசம்பரில் நம் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரமே மூழ்கியபோதும், 2011 தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தோட்ட லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பாட்டிமார் சுவரில் கைவைத்துக் காட்டினார்கள். நடுத்தூணின் அடியில் மண் அரித்துப்போன இடத்தை, அங்கே மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் பொறியாளர்கள் குறித்துக்கொண்டார்கள். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்த நாள் அது.

நம் கோரிக்கைகளில் முதலாவது, தடுப்புக் கம்பியோடு தனி நடைபாதை. செம்பனை லாரி வந்தால் பிள்ளைகள் இப்போது கைப்பிடியோடு ஒட்டி நிற்கிறார்கள். அப்புறம், பழைய பாலத்தை உடைக்கும் முன் தற்காலிகப் பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைப் பூட்டி அமைப்பது) வேண்டும். வெட்டிய செம்பனைக் குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். சுற்றுவழியில் போனால் சிறுதோட்டக்காரரின் லாபம் டீசலுக்கே போய்விடும். கரகம் ஜோடிக்கும் படித்துறையையும் மறைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறோம்.

பாலம் வரும் இடத்தில் இருக்கும் முனீஸ்வரர் மேடை விஷயத்தில்தான் ஊர் ஒருமனதாக இல்லை. முறைப்படி பூசை செய்து கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. வேண்டாம் என்பவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லட்டும். கோப்பிக்கடையில் சொல்வது எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறாது.

வருகை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்தால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்பவர்கள் வர முடியாது என்றார்கள். சரி, நியாயம். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை என்பதால் விளக்கக் கூட்டத்தை ஞாயிறு காலை வைத்தோம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களும்தான். லாரி வைத்திருப்பவர்கள் ஒருவரும் இல்லை. பாலம் மூடினால் முதலில் நஷ்டப்படப் போகிறவர்கள் அவர்கள்.

கணக்கில் வரவு குறைந்தது, செலவு கூடியது, சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். மனு அச்சடிக்கவும் நகல் எடுக்கவும்தான் கூடுதல் செலவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி பல ஆண்டுகளாக நீள்கிறது. மாதச் சந்தா ஒரு தே தாரிக் (பால் தேநீர்) விலைதான்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தலைமையாசிரியருக்கும், மனுவை மலாயில் எழுதித் தந்த இளைஞர்களுக்கும் நன்றி.

1966 சங்கச் சட்டப்படி இன்றிலிருந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அதனால் புதிய செயலவை இன்றே அமைய வேண்டும். இளையவர் யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்றால் பாலத்துக் கோப்பை இப்போதே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் அடுத்த விளக்கக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும், துணைக்கு இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பாக்கி கட்டுபவர்களுக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பார்.