மண் எடுப்பதற்கு ஒரே முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஆலையில் குவிந்து கிடக்கும் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை எப்போது அகற்றுவார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். சரி, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க மண் எடுக்கிறார்களே, அதை எப்படி எடுக்கிறார்கள்?

எங்கள் நிலத்தில் இரண்டு முறை எடுத்தார்கள். முதலில் வந்தவர்கள் கோடையில், மஞ்சளாக உப்புப் பூத்திருந்த மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவர்கள் மழை ஓய்ந்த பிறகு ஐந்து இடத்தில் ஓரடி தோண்டி, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கினார்கள். முதல் அறிக்கையில் ஆபத்து. இரண்டாவதில் எல்லாம் அளவுக்குள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

உரம் போட மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது நாங்களும் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் குழி வெட்டி, கலந்து, நான்காகப் பங்கிட்டுக் குறைத்து அரைக் கிலோதான் தருகிறோம். உரத்துக்குச் சராசரி போதும். விஷத்துக்குப் போதாது. ஓர் இடத்தில் கிலோ மண்ணுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் இருந்து, மற்ற நான்கு இடங்களில் ஒன்றுமே இல்லாவிட்டால், கலந்த மண் 100 என்றுதான் காட்டும். அந்த 500 இருக்கிற மூலையில் என் மாடு மேய்கிறது.

அப்புறம், எடுத்த மண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மண்ணில் குரோமியம் இரண்டு வடிவில் இருக்கும்: குரோமியம்-6, குரோமியம்-3. இதில் குரோமியம்-6தான் கொடியது. ஈரமும் மக்கிய இலைதழையும் உள்ள மண்ணைக் குளிரில் வைக்காமல் பையில் கட்டிப் போட்டால் அந்தக் குரோமியம்-6இல் ஒரு பகுதி குரோமியம்-3 ஆக மாறிவிடும். ஆய்வகம் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் போனது திரும்பாது.

அசுத்தமடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் கொண்டுவந்துவிட்டது. மண் மாதிரி எடுக்க ஐ.எஸ்.ஓ. 18400 என்ற உலகத் தர வரிசையும் இருக்கிறது. அதன்படி எந்தப் பருவம், எத்தனை இடம், எந்தெந்த ஆழம், எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று தமிழில் எழுதி, யார் வந்து எடுத்தாலும் அதன்படியே எடுக்க வைக்க வேண்டும். உணவு மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்கச் சட்டம் இருக்கிறது. மண்ணிலும் ஒரு பங்கை முத்திரையிட்டு நிலத்துக்காரர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ராணிப்பேட்டை மாவட்டம்