அக்காவின் ஒப்பரேஷனுக்கு முன்

திருகோணமலை

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வாடை தொடங்கி, கடலும் குமுறுகிறது. அக்காவின் பித்தப்பைக் கல் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அங்கே எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்று கனடாவில் இருக்கிற நீ கேட்டதற்கு விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சம்மதப் படிவம். அனேகமாக முதல் நாள் பின்னேரம், வார்டே அவசரத்தில் இருக்கும்போதுதான் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். சிங்களத்தில் இருந்தால், தமிழில் விளங்கப்படுத்தும்வரை அக்கா கையெழுத்து வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 13ஆம், 16ஆம் திருத்தங்களுக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி, கிழக்கில் நிர்வாக மொழியும் அதுதான். யாருடைய தயவும் தேவையில்லை. பித்தக்குழாய் காயப்பட இடமுண்டா, ஒப்பரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமராவால் பார்த்துச் செய்ய முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்களா என்று கேட்கட்டும். அழற்சி கூடி எல்லாம் ஒட்டிப்போயிருந்தால் திறந்து செய்வதுதான் பாதுகாப்பு, அது பிழையல்ல. ஆனால் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் வாயால் சொன்னது போதாது. பெட் ஹெட் டிக்கெட்டின், அதாவது வார்டில் நோயாளியின் விவரமும் சிகிச்சையும் எழுதி வைக்கும் பதிவுத் தாளின், முன்பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். இரவு டியூட்டிக்கு வரும் தாதி மிஸ்ஸுக்குத் தெரிவது அந்தத் தாள் மட்டும்தான்.

வீட்டுக்கு விடும்போதுதான் அதிகம் தவறிப்போகிறது. வீட்டுக்கு விடும்போது நோயையும் சிகிச்சையையும் சுருக்கி எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டை வார்டிலேயே வாசித்துப் பார்க்க வேண்டும்: பெயர், திகதிகள், செய்த ஒப்பரேஷன், மருந்தும் அளவும், பெட் ஹெட் டிக்கெட் இலக்கம். எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அறிக்கையை எப்போது, எங்கே வாங்குவது என்றும் கேட்க வேண்டும். அது பிந்தித்தான் வரும். பலர் அதற்காகத் திரும்பிப் போவதே இல்லை. அரிதாகப் புற்றுநோய் தெரிய வருவதும் அந்த அறிக்கையில்தான், ஆகவே இதை மட்டும் விட்டுவிடாதே.

பிறகு முழுப் பதிவின் பிரதி தேவைப்பட்டால், அந்த இலக்கத்தையும் வார்டையும் திகதிகளையும் குறிப்பிட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதலாம். இலக்கம் இல்லாவிட்டால் பதிவறையில் தேடுவது பெரும்பாடு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் இந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்குத்தான். நீ இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காவிட்டால் உன் பெயரில் கேட்க முடியாது. அக்காவின் மகள் கேட்டாலும் அக்காவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் எதையெல்லாம் கொடுக்க மறுக்கலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அக்காவே கேட்பதுதான் சுலபம்.

ஏதும் பிழை நடந்தால் நாளைக் கடத்தக் கூடாது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடம். தனியார் மருத்துவமனை என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சபை இருக்கிறது, அங்கே முறைப்பாடு செய்யலாம்.

அக்காவின் நோயும் மருந்தும் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லு. அஸ்பிரின் போல ஏதும் குடிக்கிறாவா என்று பார்த்து, ஒப்பரேஷனுக்கு முன் டொக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
நாதன்