பார்ட்டிங் டூலுக்கு எந்த இன்சர்ட்? தட்டாஞ்சாவடி நண்பனுக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கேயும் குறையில்லை. மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது, மதியத்துக்கு மேல் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் பெரியவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தது நல்ல முடிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை லேத் பக்கத்தில் நிறுத்து, புத்தகம் தானாகப் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் பார்ட்டிங் இன்சர்ட் (லேத்தில் ராடைத் துண்டாக அறுக்கும் டூலின் முனையில் மாட்டும் கார்பைடு வெட்டுமுனை) படபடவென்று உடைகிறது, இனி எந்தக் கம்பெனி இன்சர்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இன்சர்ட்டை எந்த சீட்டில் (ஹோல்டரில் அது உட்காரும் பள்ளத்தில்) உட்காரவைக்கிறாய், எவ்வளவு ஃபீடில் (ராடின் ஒரு சுற்றுக்கு டூல் எத்தனை மி.மீ. உள்ளே நகர்கிறது என்ற அளவில்) தள்ளுகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. இந்த இரண்டும் சரியில்லை என்றால் எந்த டப்பா வாங்கினாலும் காசு கரியாகத்தான் போகும்.

கடையில் போய் "3 மி.மீ. பார்ட்டிங் இன்சர்ட் கொடுங்க" என்று கேட்காதே. அகலம் ஒன்றாக இருந்தால் சீட்டும் ஒன்றாகிவிடாது. நம் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் புழங்குவது இரண்டு ஜாதி. ஒன்று, இரு முனையும் வெட்டும் எம்.ஜி.எம்.என். வகை. ஹோல்டரில் எம்.ஜி.ஈ.எச்.ஆர். 2020-3 என்று பொறித்திருக்கும். 2020 என்றால் ஷேங்க், அதாவது ஹோல்டரின் தண்டு, 20க்கு 20 மி.மீ., கடைசி 3 இன்சர்ட்டின் அகலம். இதற்கு எம்.ஜி.எம்.என். 300 போட வேண்டும். மேல்தாடையை ஸ்குரூ இறுக்கிப் பிடிக்கும். இன்னொன்று, ஸ்குரூவே இல்லாமல் பிளேடின் வாயில் ஆப்பு மாதிரி இறுகும் ஒற்றை முனை இன்சர்ட். ஜி.டி.என்., எஸ்.பி. என்றெல்லாம் வருவது இந்த ஜாதி. பிளேடில் 26-3 அல்லது 32-3 என்று இருக்கும். முதல் எண் பிளேடின் உயரம், இரண்டாவது அகலம். ஒரு ஜாதி இன்சர்ட் இன்னொன்றின் சீட்டில் உட்காராது. ஒரே ஜாதிக்குள்ளேயும் கம்பெனிக்குக் கம்பெனி வி-பள்ளத்தின் கோணம் மாறும். ஏறக்குறைய பொருந்துகிறதே என்று தட்டி ஏற்றினால் முதல் ஜாபிலேயே பறந்துவிடும்.

இரு முனை இன்சர்ட்டில் சிக்கனம் உண்டு, ஆனால் ஆழம் குறைவு. ஹோல்டரின் தாடை எவ்வளவு தூரம் ராடுக்குள் போக முடியுமோ அவ்வளவுதான் வெட்டு. 30 மி.மீ. ராடு வரை அதிலேயே ஓட்டு. அதற்கு மேல் தடிமன் என்றால் பிளேடுக்கு மாறு. 26-3 பிளேடில் 75 மி.மீ. வரையும், 32-3இல் 100 மி.மீ. வரையும் போகலாம் என்று கேட்லாக் சொல்லும். கையால் ஓட்டும் நம் கன்வென்ஷனல் லேத்தில் அந்த எல்லை வரை போய்ப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

அகலத்தைத் தீர்மானிக்க நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. ராடின் பாதி விட்டம், கூட 2 மி.மீ.; அவ்வளவுதான் பிளேடு வெளியே நீள வேண்டும். அந்த நீட்சி இன்சர்ட் அகலத்தின் 8 மடங்கைத் தாண்டக் கூடாது. 40 மி.மீ. ராடு என்றால் நீட்சி 22, 3 மி.மீ. இன்சர்ட்டுக்கு 24 வரை இடமிருக்கிறது, சரி. அதையே 2 மி.மீ.யில் வெட்டப் போனால் 11 மடங்கு. பிளேடு வளையும், வெட்டிய முகம் கிண்ணம் மாதிரி குழியும். 25 மி.மீ. ராடில் 2 மி.மீ. தாராளமாகப் போதும், அங்கே மிச்சமும் கண்ணுக்குத் தெரியும். 12 மி.மீ. நீள வளையம் போடுகிறாய் என்று வை. 3 மி.மீ. வெட்டில் ஒன்றுக்கு 15 மி.மீ. ராடு போகும், 2 மி.மீ. வெட்டில் 14. மூன்று மீட்டர் ராடில் 200 எங்கே, 214 எங்கே!

"கெட்டியாக இருக்கட்டும்" என்று 4 மி.மீ.க்குப் போகலாமா என்று எழுதியிருக்கிறாய். போகாதே. ஈ.என்.8 (நடுத்தர கார்பன் ஸ்டீல்) ராடில் 3 மி.மீ. இன்சர்ட், 0.1 ஃபீட், நிமிஷத்துக்கு 100 மீட்டர் வேகம் என்றால் வெட்டு விசையே ஏறக்குறைய 70 கிலோ வரும். மோட்டாரிடம் 1.2 கிலோவாட் போலக் கேட்கும். அதே கணக்கில் 4 மி.மீ. போட்டால் ஒன்றரை கிலோவாட்டைத் தாண்டும். உன் லேத்தில் இருப்பது 2 எச்.பி. மோட்டார், அதன் முழு பலமே ஒன்றரை கிலோவாட்தான். பெல்ட் வழுக்கும், ராடைப் பிடித்துச் சுழற்றும் சக் நிற்கும், கை மட்டும் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்சர்ட் உள்ளேயே நொறுங்கும். சக் அப்படி நின்றுவிட்டால் டூலை வெடுக்கென்று இழுக்காதே. மோட்டாரை அணைத்து, சக்கைக் கையால் கொஞ்சம் பின்னால் திருப்பி, சிப்பை (சீவி வந்த உலோகச் சுருளை) விடுவித்த பிறகு வெளியே எடு.

இப்போது ஃபீட். உன் பட்டறையில் உடைவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்ட்டிங் என்றாலே பையன்களுக்குப் பயம். பயத்தில் ஹேண்டிலை நகர்த்தியும் நகர்த்தாமலும் சுற்றுவார்கள். இன்சர்ட்டின் மேலே இருக்கும் பள்ளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: சிப்பை நடுவில் மடித்து, வெட்டின் சந்தைவிடக் குறுகலாக்கி, சுருட்டி வெளியே அனுப்புவது. சுருட்டிய பாய் மாதிரி சின்னச் சின்ன உருளையாக விழுந்தால் ஃபீட் சரி. நீளமாக நாடா போல வந்தால் ஃபீட் போதவில்லை, சிப் அந்தப் பள்ளத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அப்போது இன்சர்ட் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் கிறீச்சிடும், கிறீச்சிட்டால் பையன் இன்னும் ஃபீடைக் குறைப்பான், அடுத்து 'டக்'.

ஸ்டீலுக்கு 3 மி.மீ. இன்சர்ட்டில் 0.08 முதல் 0.15 வரை, 2 மி.மீ.யில் 0.05 முதல் 0.1 வரை வை. எண்ணைச் சொன்னால் கைக்குப் புரியாது, அதனால் இப்படிக் காட்டு: 40 மி.மீ. ராடு, வேகம் 100 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் ஏறக்குறைய 800 ஆர்.பி.எம். ஃபீட் 0.1 என்றால் நிமிஷத்துக்கு 80 மி.மீ. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் ஸ்குரூ 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு) என்றால் ஹேண்டில் 16 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு நாலு செகண்டுகூடக் கிடையாது. இந்த வேகத்தைப் பார்த்தாலே பையன் மிரள்வான். கிராஸ் ஃபீட் ஆட்டோ இருக்கிறதல்லவா, அதைப் போடச் சொல். மையத்துக்கு 2 மி.மீ. இருக்கும்போது ஆட்டோவை எடுத்துவிட்டு, கால்வாசி ஃபீடில் கையால் போகட்டும். கடைசி அரை மி.மீ.யில் நிறுத்தினால் துண்டு தன் எடையிலேயே விழும்.

மையத்துக்குப் போகப் போக வேகம் தானாகக் குறைவதையும் யோசி. வெளியே 100 மீட்டர் இருந்தது, 10 மி.மீ. விட்டத்தில் 25 மீட்டராகிவிடும், நடுவில் பூஜ்யம். வேகம் செத்த இடத்தில் சிப் முனையில் ஒட்டும், ஒட்டியது பிய்யும்போது கார்பைடையும் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் ராடை முழுசாக அறுக்கும் வேலைக்குக் கடினமான கிரேடு வேண்டாம், தாங்கும் கிரேடுதான் வேண்டும். மெல்லிய பி.வி.டி. பூச்சு உள்ளதைக் கேள். கோர்லாயில் பி.சி.5300, இஸ்காரில் ஐ.சி.908, சான்ட்விக்கில் ஜி.சி.1125 எல்லாம் இந்த வகை. தடித்த சி.வி.டி. பூச்சு வேகத்தில் நன்றாகத் தாங்கும். பைப்பிலும் புஷ்ஷிலும் நடுவில் ஓட்டை இருப்பதால் மையம் என்ற பிரச்சினையே இல்லை, அங்கே போடலாம். பூச்சின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறவரை நம்பாதே. டப்பாவில் ஐ.எஸ்.ஓ. நிறக் கட்டங்கள் இருக்கும்: நீலம் ஸ்டீல், மஞ்சள் ஸ்டெயின்லெஸ், சிவப்பு வார்ப்பிரும்பு, பச்சை அலுமினியம், பித்தளை. அதைப் பார்.

முதுநகர் துறைமுகத்துப் படகு வேலையும் வருகிறது என்று எழுதியிருந்தாய். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டில் தயக்கம் கூடவே கூடாது. ஒரு நொடி ஃபீடை நிறுத்தித் தேய்த்தாலும் அந்த இடம் கெட்டியாகிவிடும், அடுத்த சுற்றில் முனை அதில் மோதும். 0.05க்குக் கீழே போகாதே, வேகம் 70, 80 மீட்டர் போதும். கன்மெட்டல், அலுமினியத்துக்குப் பூச்சில்லாத, சாணை பிடித்த கூர் முனை வேண்டும், கோர்லாயில் எச்.01 மாதிரி. பூச்சு உள்ளதில் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கும், அலுமினியம் அப்பிக்கொள்ளும்.

முன்முகம் சாய்ந்த இன்சர்ட் பற்றி ஒரு வார்த்தை. நேர்முனை இன்சர்ட் துண்டில் ஒரு முளையை விட்டுவிடும், புஷ் என்றால் வளையமாகப் பிசிறு தொங்கும். 6 அல்லது 8 டிகிரி சாய்ந்ததைப் போட்டால் அது குறையும். விழப்போகும் துண்டின் பக்கத்து மூலை முந்தியிருக்க வேண்டும், அப்போது முளை ராடிலேயே தங்கிவிடும். வலம், இடம் காட்டும் ஆர், எல் எழுத்தைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்து வாங்கு. ஆழமான வெட்டுக்கு இது ஆகாது, சாய்வு பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும்.

சீட்டுக்கு வருகிறேன். நம் ஊர்க் கடல்காற்றுக்கு இரண்டு நாள் சும்மா கிடந்தாலே பிளேடின் வாயில் துரு பூக்கும். அந்தத் துருவின் மேல் இன்சர்ட்டை வைத்தால் அது பாதிதான் உட்காரும். ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டுப் போடு. ஆப்பு வகையில், பிளேடு புதிதாக இருக்கும்போது இன்சர்ட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரில் அளந்து சுவரில் எழுதி வை. பிறகு அளக்கும்போது உள்ளே போய்க்கொண்டே இருந்தால் வாய் விரிந்துவிட்டது, பிளேடை மாற்ற வேண்டியதுதான். பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டு, இரும்பு வேண்டாம். எடுக்க அதற்குரிய சாவி இருக்கிறது, ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் வாய்தான் கெடும். ஸ்குரூ வகையில், இன்சர்ட் இல்லாமல் ஸ்குரூவை இறுக்கவே இறுக்காதே. மேல்தாடை வளைந்துவிட்டால் ஹோல்டர் குப்பைக்குத்தான்.

சென்டர் ஹைட், அதாவது ராடின் மையத்துக்கும் டூல் முனைக்கும் உள்ள உயர வித்தியாசம், 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை மெதுவாகப் பிடித்துப் பார். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி, தலை உன் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அழுத்தாதே, முனை போகும். பிறகு டயல் கேஜை ஹெட்ஸ்டாக்கில் ஊன்றி, பிளேடின் பக்கவாட்டில் முள்ளை வைத்து கிராஸ் ஸ்லைடை ஓட்டு. முள் அசைந்தால் பிளேடு கோணலாக இருக்கிறது. உடைந்த இன்சர்ட்களைத் தூக்கிப் போடாமல் வை. எப்போதும் ஒரே மூலை உடைந்திருந்தால் இந்தக் கோணல்தான், நடுவில் மட்டும் பொரிந்திருந்தால் சென்டர் ஹைட் அல்லது மையத்தில் ஃபீட் குறைக்காதது. சேடிலை லாக் செய்வதும், சக்குக்கு ஒட்டி வெட்டுவதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மையம் வரை அறுக்கும்போது டெயில்ஸ்டாக் சென்டரை மட்டும் கொடுக்காதே, துண்டு மாட்டிக்கொண்டு திமிறும்.

கூலண்ட் விட்டால் மேலிருந்து சந்துக்குள் நிற்காமல் ஊற்ற வேண்டும். சொட்டு சொட்டாக விடுவதற்குக் கூலண்டே இல்லாமல் ஓட்டலாம். சூடும் குளிருமாக மாறினால் கார்பைடில் விரிசல் விடும்.

இன்னொன்று. உன் ஆறாம் நம்பர் லேத்தின் உச்ச வேகமே 500தான் என்றால், அதில் 10, 12 மி.மீ. பின் அறுக்க கார்பைடு வேண்டவே வேண்டாம். 20 மீட்டர்கூட வராது. பழைய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடைச் சாணை பிடித்துப் போடு, நன்றாக அறுக்கும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

வாங்கும்போது பத்து அடங்கிய டப்பாவாக வாங்காமல், முதலில் இரண்டு கம்பெனியில் இரண்டிரண்டு கேட்டுப் பார். பாரிமுனையில் தெரிந்த கடை என்றால் கொடுப்பார்கள். விலையை முனையின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு முனை எத்தனை துண்டு அறுத்தது என்று அந்தத் துண்டுகளால் மறுபடி வகு. அந்தத் தொகைதான் உண்மையான விலை. லாட் நம்பர் இல்லாத டப்பாவைத் தொடாதே.

இந்த வாரம் உன் பிளேடின் பக்கவாட்டைத் துடைத்து, அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் படம் பிடித்து அனுப்பு. உடைந்த இன்சர்ட் நாலைந்தையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என்று படம் எடு. பார்த்துவிட்டு எது வாங்கலாம் என்று நம்பரோடு எழுதுகிறேன். அதுவரை புது டப்பா வாங்காதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் கடலூர் நண்பன்