குன்னூரில் வழிகாட்டிய அம்மையாருக்கு நன்றி

குன்னூரில் வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் சேவைப் பணி பார்த்துவந்த எனக்கு செயலிகளின் திரைகளில் வரும் வாசகங்களை எழுதும் யூஎக்ஸ் ரைட்டிங் துறைக்கு வழிகாட்டிய, தம் பெயரை வெளியிட விரும்பாத அம்மையாருக்கு மனமார்ந்த நன்றி. திரும்பத் திரும்ப வரும் புகார்களே செயலியின் எந்தத் திரையில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் என்றும், அவற்றிலிருந்தே வேலை தேடும்போது காட்டும் பணி மாதிரிகளின் தொகுப்பான என் போர்ட்ஃபோலியோவைத் தொடங்கலாம் என்றும் முதலில் சொன்னவர் அவர்தான். 'பரிவர்த்தனை தோல்வி' என்று மட்டும் காட்டிய திரைக்கு, கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா, மீண்டும் முயலலாமா, அடுத்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் இரண்டே வரிகளில் சொல்லும்வரை என்னைத் திருத்தி எழுத வைத்தார். வாடிக்கையாளர்களின் விவரங்கள் ஒன்றுகூட போர்ட்ஃபோலியோவில் இடம்பெறக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார் (இந்தக் கவனம் இத்துறைக்கு வரும் எல்லோருக்கும் வேண்டும்). நேர்காணலில் அந்தத் திரையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இந்த மாதம் வேலையில் சேர்ந்துவிட்டேன், அம்மா.