முட்டிக்கு ஓய்வு கொடுத்த கதை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் இருக்கும் வீட்டில் பேனாவை எடுப்பது நடக்கிற காரியமா? நேற்றுதான் கிளம்பினாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் இன்று உனக்கு நீளமாகவே எழுதப் போகிறேன்.

"முட்டி போச்சு, இனிமேல் கட்டிலும் நாற்காலியும்தான் கதி" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. போன வருஷம் இதே வசனத்தை நானும் பேசிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆரம்பித்தது மாடிப்படியில். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது வலது முட்டியில் ஊசி குத்துவது போல ஒரு வலி. எக்ஸ்ரே எடுத்ததில் தேய்மானம் என்றார்கள். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. தேய்மானம் என்றால் செருப்பு தேய்வது மாதிரிதானே, நடக்க நடக்கத் தேயும், நடக்காவிட்டால் மிச்சமாகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். காலை நடையை நிறுத்தினேன், மாடிக்குப் போவதை நிறுத்தினேன். நாலு மாதம் முட்டிக்கு ராஜ ஓய்வு. முதல் இரண்டு வாரம் வலி குறைந்தது நிஜம். நாலாவது மாதம் பார்த்தால், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை!

அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தையல் டேப்பை எடுத்து, முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து, இரண்டு தொடையையும் சுற்றி அளந்தாள். வலது தொடை 2 சென்டிமீட்டர் இளைத்திருந்தது. அடுத்து என்னைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "இதை முட்டியால் கீழே அழுத்துங்க" என்றாள். அழுத்தினேன். பல்லைக் கடித்தேன், தோள் தூக்கிக்கொண்டது, கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தொடை மட்டும் தலையணை மாதிரி அப்படியே கிடந்தது. அவள் சில்லுக்கு மேலே உள்பக்கமாக இரண்டு விரலை வைத்து, "எல்லாம் வேலை செய்யுது, இது மட்டும் தூங்குது" என்றாள்.

முட்டி வீங்கி நீர் கோத்தால், தொடையின் முன்பக்கத் தசையை நரம்புகளே அடக்கி வைத்துவிடுமாம். மூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு. ஆனால் நாம் காலை வைக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தசைதான். அது தூங்கினால் அடி முழுக்க மூட்டில் விழுகிறது. மறுபடியும் வலி, மறுபடியும் வீக்கம், தசை இன்னும் ஆழ்ந்து தூங்குகிறது. நான் வேறு ஓய்வு என்ற பெயரில் அதற்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் செருப்புக் கணக்கும் தப்பு. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஸ்பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை இழுத்துக்கொள்வது போல, கால் அசைந்து அமுங்கி விடுபடும்போதுதான் அது மூட்டு நீரிலிருந்து தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. அசைக்காமல் வைத்திருந்தால் அது பட்டினி.

துண்டை அழுத்தி 5 எண்ணும் வரை பிடி, விடு, 10 தடவை. காலையும் மாலையும் இதையே செய்தேன். நாலாம் நாள் மாலை சில்லு மேல்நோக்கி அரை விரல் அளவு துள்ளியது. வசந்தி, ஒரு எலும்பு நகர்வதைப் பார்த்து நான் கை தட்டியிருக்கிறேன் என்றால் நம்புவாயா?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, வலிக்கிற காலை முட்டி மடங்காமல் நீட்டி, மடக்கிய முட்டியின் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்குவது. முட்டி அசைவதே இல்லை, தொடை மட்டும் உழைக்கும். இரண்டு முட்டியையும் மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது. இந்தக் கடைசி ஒன்றைச் சாதாரணமாக நினைத்துவிடாதே. கண்ணாடி முன்னால் ஒரு காலில் நின்று (கையால் எதையாவது பிடித்துக்கொள்) முட்டியைக் கொஞ்சம் மடக்கிப் பார். எனக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. இடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்கும் தசை பலமில்லாததால் ஒவ்வொரு அடியிலும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. தப்பு செய்தது இடுப்பு, திட்டு வாங்கியது முட்டி! தூக்கும்போது கால் விரல்கள் கூரையைப் பார்க்கக் கூடாது, நேராக முன்னால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு தசை வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது நாற்காலிதான். கை வைத்த நாற்காலி வேண்டாம், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள், நகராது. அதில் இரண்டு தலையணை போட்டு உட்கார். உட்காரும் இடம் உயர உயர முட்டி மடங்குவது குறையும், வலியும் குறையும். பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாய்ந்து எழு. எழுவது பாதி வேலைதான். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணிக்கொண்டே இறங்கு. தசைக்கு நிஜமான வேலை அங்கேதான். நான் முதல் வாரம் 5 தடவைக்கு மேல் போகவில்லை. ஆறாவது வாரம் ஒரு தலையணையை எடுத்தேன். இரண்டாவது போக இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

வலித்தால் என்ன செய்வது என்று கேட்பாய். செய்யும்போது 10க்கு 3, 4 வலித்தால் பரவாயில்லை, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் வைத்த கணக்கு. மறுநாள் காலையிலும் முட்டி உப்பியிருந்தால் நேற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கையைக் குறை, நிறுத்தாதே. வீடியோவைப் பார்த்துக் குதிப்பதும், தரை வரை குந்தி எழுவதும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உடம்பின் பாரத்தோடு முட்டி ஆழமாக மடங்கும்போது சில்லுக்கு அடியில் அழுத்தம் ஏறிவிடும்.

உடற்பயிற்சி சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது என்றாயே, அதைத் துடைத்து எடு. பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்து. சீட் தாழ்ந்திருந்தால் சைக்கிளும் எதிரிதான். தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. நீச்சல் தெரியாவிட்டால் போகட்டும், மார்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும், உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை அது தாங்கிக்கொள்ளும். தவளை மாதிரி காலை உதைக்கும் நீச்சலை மட்டும் தவிர்த்துவிடு, முட்டியை முறுக்கும்.

எடையைப் பற்றி எழுதினால் நீ கடிதத்தைக் கிழித்துப் போடுவாய், ஆனாலும் எழுதுகிறேன். 2005ல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து அளந்து பார்த்ததில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் 4 கிலோ சுமை குறைகிறது என்று தெரிந்தது. நான் 3 கிலோ குறைத்தேன். பெருக்கிப் பார்த்துக்கொண்டு சந்தோஷப்படுகிறேன்.

துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. 2002ல் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. சிலருக்கு நிஜமாகவே சிகிச்சை, சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் முட்டி மடங்கியபடியே நீளாமல் மாட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது திடீரென்று கைவிட்டாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடி. நான் இரண்டு வாரம் தப்பான கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போது என் வலது தொடைக்கும் இடது தொடைக்கும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். படி இறங்கும்போது இன்னும் சில நாள் முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும். உன் தையல் பெட்டியில் டேப் இருக்குமே, சில்லுக்கு மேலே 10 சென்டிமீட்டர், இரண்டு காலும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. நடுவில் பொய் சொல்லாதே, பள்ளிக்கூடத்தில் உயரத்தையே கூட்டிச் சொன்னவள் நீ.

அன்புடன்,
கமலா