வியாழன் வேதபாடத்திற்கு முன்

கர்த்தருக்குள் அன்பான குழு உறவுகளுக்கு,

வியாழன் மாலை வேதபாடத்திற்கு வருமுன் ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தை வாசித்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் அதற்கு முன்னரே, 6ஆம் 7ஆம் வசனங்களில், கர்த்தர் காயீனுடைய எரிச்சலுக்குக் காரணம் கேட்டு, நன்மை செய்யாவிட்டால் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்று எச்சரித்தார் என்பதைக் கவனியுங்கள். கோபம் செயலாக மாறுவதற்கு முன் அவனுக்கு அவகாசம் இருந்தது.

வேலிக் கதியாலைச் சற்றுத் தள்ளி நட்டதற்காகவும் பங்குக் கிணற்றின் இறைப்பு முறைக்காகவும் பேச்சை விட்ட அண்ணன் தம்பிமார் நம் ஊர்களில் குறைவில்லை. (திருவிருந்துக்கு மட்டும் ஒரே வரிசையில் நிற்பார்கள்!) அவ்வாறு எவருடனாவது மனக்கசப்பு இருப்பின், வியாழனுக்கு முன் அவர் வீட்டுப் படலையைத் தட்டி, நேரில் பேசிப் பாருங்கள். இக்குழுவில் அதை எழுத வேண்டாம்.